இமயமலைக்கு அடியில் இருப்பதைத் தோண்டாமலே எப்படிப் பார்க்கிறார்கள்?

"இமயமலைக்குக் கீழே 70 கிலோமீட்டர் ஆழம் வரை இன்னது இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, அங்கே போய்ப் பார்த்தது யார்? அவ்வளவு தெரிந்தவர்களால் அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும் என்று ஏன் சொல்ல முடியவில்லை?" இதுதான் கேள்வி. இரண்டுமே நியாயமான சந்தேகங்கள். முதலாவதுக்குத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். அது பிடிபட்டுவிட்டால் இரண்டாவது அவ்வளவு புதிராகத் தெரியாது.

போய்ப் பார்த்தவர் யாரும் இல்லை. துளை போட்டுப் பார்க்கவும் வழியில்லை. உலகிலேயே ஆழமான ஆய்வுத் துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் தொடங்கினார்கள், 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள், அத்தோடு நின்றது. அடியில் வெப்பம் 180 டிகிரி, கணக்குப் போட்டு வைத்திருந்ததைவிட மிக அதிகம். பாறை இளகித் துளையையே மூடப் பார்த்தது. அத்தனைக்கும் அது மிகப் பழைய, அமைதியான நிலம். மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் நிலநடுக்கத்தை ஆராயவென்றே நம்மவர்கள் போட்ட துளையின் ஆழம் 3 கிலோமீட்டர். இமயமலையில் நமக்கு வேண்டிய முக்கியமான தளமோ, அதாவது பெரிய நடுக்கங்கள் பிறக்கும் பிளவோ, காத்மாண்டுவுக்குக் கீழே 10 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் இருக்கிறது. பூமியின் வெளி ஓடான மேலோட்டின் அடிப்பகுதி அதற்கும் பல மடங்கு கீழே. ஆகவே துளைபோடும் யோசனையை இங்கேயே விட்டுவிடலாம்.

மலைக்கு அடியில் ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு தூக்குக்குண்டு. கதை சென்னையில் தொடங்குகிறது. 1802-ல் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த நில அளவைப் பணி, முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரம் வரை போனது. அங்கே ஒரு சிக்கல். மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே சமவெளியில் இருந்த கலியானாவுக்கும் உள்ள தூரத்தை இரண்டு விதமாகக் கணக்கிட்டார்கள். நிலத்தில் அளந்தது ஒன்று, நட்சத்திரங்களைப் பார்த்துக் கணித்தது இன்னொன்று. இரண்டும் 5.236 விகலை ஒத்துவரவில்லை (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விகலை). தரையில் அது சுமார் 160 மீட்டர். அந்தக் காலத்து அளவைக்காரர்களுக்கு இது பெரிய பிழை.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் நல்ல கணிதக்காரர். நட்சத்திரத்தை அளக்கும்போது செங்குத்தைக் காட்டுவது தூக்குக்குண்டு; இமயமலையின் நிறை அதைத் தன் பக்கம் இழுக்கிறது, அதனால்தான் நட்சத்திரக் கணக்கு தவறுகிறது என்றார். சரி, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டால் 15.885 விகலை வந்தது. மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது! அப்படியானால் மலைக்கு அடியில் எங்கோ நிறை குறைகிறது. 1855-ல் பிராட்டின் கணக்கைப் படித்த அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் கொடுத்தார். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளில் எது அதிக உயரம் வெளியே தெரிகிறதோ அதுதான் அதிக ஆழம் மூழ்கியிருக்கும். மலையும் அப்படித்தான், எடை குறைந்த மேலோடு அதற்கு அடியில் தடித்து, கனமான பாறைக்குள் வேர்போல இறங்கியிருக்கிறது என்றார். இன்றைய நிலநடுக்கமானிகள் எதுவும் இல்லாத காலத்தில், வெறும் பென்சில் கணக்கில் சொன்னது. எவ்வளவு தடிமன் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த எண்ணைக் கொடுத்தவை நிலநடுக்கங்களே. 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்டம், ஒரே நடுக்கத்திலிருந்து வேகமான அலையும் மெதுவான அலையும் தனித்தனியே வருவதை அடையாளம் கண்டார். இன்று அவற்றைப் பி அலை, எஸ் அலை என்கிறோம். 1909-ல் குரோவேஷியாவில் வந்த ஒரு நடுக்கத்தின் பதிவுகளைப் பார்த்த ஆந்திரியா மோகோரோவிசிச், ஓர் ஆழத்துக்குக் கீழே அலைகளின் வேகம் சட்டென்று கூடுவதைக் கண்டார். மேலோட்டில் பி அலை நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். அந்த எல்லையைத் தாண்டி, மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் என்ற கனமான பாறை அடுக்குக்குள் நுழைந்தால் சுமார் 8. அந்த எல்லைக்கு மோகோ என்று பெயர். 'மேலோட்டின் தடிமன்' என்று சொல்வதெல்லாம் தரையிலிருந்து மோகோ வரை உள்ள தூரம்தான்.

இமயமலைக்குக் கீழே மோகோவை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வித்தையே இங்கேதான் இருக்கிறது. இந்தோனேசியாவிலோ ஜப்பானிலோ ஒரு பெரிய நடுக்கம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பி அலை பூமிக்குள் ஆழமாகப் போய், நேபாளத்துக்குக் கீழிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக மேலே ஏறி வருகிறது. மோகோவைக் கடக்கும்போது அதன் ஆற்றலில் ஒரு சிறு பங்கு எஸ் அலையாக மாறுகிறது. அந்த இடத்திலிருந்து இரண்டும் ஒரே நேரத்தில்தான் கிளம்புகின்றன. ஆனால் எஸ் மெதுவானது. மேலே கருவியில் முதலில் பி விழும், அப்புறம் சில நொடி கழித்து அந்தக் குட்டி எஸ் விழும். பி அலை தரையை மேலும் கீழும் ஆட்டும். எஸ் பக்கவாட்டில் ஆட்டும். அதனால் கருவியின் கிடைமட்டப் பதிவில் தேடினால் எஸ் தனியாகத் தெரியும். இடைவெளி 5 நொடி என்றால் மோகோ ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஆழத்தில். 9 நொடி என்றால் 70 கிலோமீட்டருக்கு மேல். கணக்கு அவ்வளவுதான். உள்ளூரில் ஒரு நடுக்கமும் வரத் தேவையில்லை. எங்கோ நடப்பதை வைத்து இங்கே காலுக்குக் கீழே உள்ளதை அளந்துவிடலாம்.

சொல்வது எளிது. அந்தக் குட்டி எஸ் அலை மிகப் பலவீனமானது. ஒரு நடுக்கத்தில் சத்தத்தோடு சத்தமாகக் கரைந்துபோகும். நூற்றுக்கணக்கான நடுக்கங்களின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் எழும்பும். அதற்காகக் கருவியை ஒரே இடத்தில் ஓராண்டோ அதற்கு மேலோ விட்டுவைக்க வேண்டும். கடிகாரம் பத்தில் ஒரு நொடி தவறினாலே ஆழத்தில் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பிசகும் என்பதால் ஒவ்வொரு கருவிக்கும் ஜிபிஎஸ் கடிகாரம் உண்டு.

இப்படிப்பட்ட ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2002 முதல் 2005 வரை நடந்த ஹை-கிளைம்ப். கங்கைச் சமவெளியில் தொடங்கி, நேபாளத்தைக் குறுக்காகக் கடந்து, திபெத்தின் நடுப்பகுதி வரை 800 கிலோமீட்டர் நீளத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் நிலநடுக்கமானிகளை வைத்தார்கள். மாவோயிஸ்ட் மோதல் உச்சத்தில் இருந்த நேபாளத்தில், பாதைகள் எப்போது மூடப்படும் என்று தெரியாத நாட்களில் செய்த வேலை. ஒரு நிலையம் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு குழி, அடியில் சமன்செய்த சிமென்ட் தளம், அதன்மேல் பானை அளவு கருவி. அதைச் சரியாக வடக்கு பார்த்துத் திருப்பி, மட்டம் பார்த்து வைத்து, குளிரும் வெயிலும் தாக்காமல் மூட வேண்டும். பக்கத்தில் ஒரு சோலார் பலகை, ஒரு பேட்டரி, பதிவுப் பெட்டி. ஆடு மாடு கம்பியைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் நல்லது.

சத்தத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. திரிசூலி ஆற்றை ஒட்டி வைத்த கருவிகளில், மழைக்காலம் வந்ததும் பின்னணி அதிர்வு ஏறியது. மழை ஓய்ந்ததும் இறங்கியது. வெள்ளம் புரள்வதும், ஆற்றடியில் கற்கள் உருள்வதும் நிலத்தை ஆட்டுகின்றன. மேலோட்டை ஆராய வந்தவர்களுக்கு இது தொல்லை. ஆனால் அதே பதிவுகளை எடுத்து ஆற்றை ஆராய்ந்து 2008-ல் தனிக் கட்டுரை எழுதிவிட்டார்கள். நல்ல தரவு வீணாவதில்லை.

சரி, என்ன கிடைத்தது? இந்தியத் தட்டின் (இந்தியாவைச் சுமந்து நகரும் மாபெரும் பாறைப் பலகையின்) மேலோடு கங்கைச் சமவெளிக்குக் கீழே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமன். வடக்கே போகப் போக மோகோ சரிந்து இறங்குகிறது. தெற்குத் திபெத்துக்குக் கீழே 70-ஐத் தாண்டுகிறது. ஏரி சொன்ன வேர் இதுதான். ஆனால் அவர் நினைத்ததுபோல் ஒரே மேலோடு தடித்துப்போனதல்ல. இந்திய மேலோட்டின் கீழ்ப்பாதி திபெத்துக்கு அடியில் நுழைந்து, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் போயிருக்கிறது. இரண்டு கண்டங்கள் மோதத் தொடங்கி 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நுழைதல் இன்றும் நடக்கிறது.

இதற்கு முன்பே, 1990-களில், இன்டெப்த் என்ற கூட்டு ஆய்வில் தெற்குத் திபெத்தில் வெடி வைத்து அலைகளை உண்டாக்கி, எண்ணெய் தேடுபவர்கள் செய்வதுபோல் எதிரொலி கேட்டார்கள். 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் சில இடங்களில் எதிரொலி அசாதாரணப் பலத்தோடு வந்தது. பாறை அங்கே பாதி உருகியிருக்கிறது என்று ஒரு தரப்பு; உப்புநீர் தேங்கியிருக்கிறது என்று இன்னொரு தரப்பு. அலை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதனால் பூமியின் இயற்கையான மின்காந்த ஏற்ற இறக்கங்களை அளந்து, ஆழத்தில் எங்கே மின்சாரம் எளிதாகக் கடக்கிறது என்று பார்க்கும் முறையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நேபாளத்தில் உயர் இமயத்தின் முகப்புக்குக் கீழே, நடு மேலோட்டில் அப்படி ஒரு கடத்தும் பகுதி அகப்பட்டது. சின்னச் சின்ன நடுக்கங்கள் கொத்தாக வரும் இடமும் அதுவே. அழுத்தத்தில் பாறையிலிருந்து பிழியப்பட்ட நீர் அங்கே சேர்கிறது என்பதுதான் பொதுவான விளக்கம்.

இவ்வளவு சொன்னாலும், மோகோ 70 கிலோமீட்டரா 75-ஆ என்பது மலையில் வீடு கட்டுபவருக்குப் பெரிய விஷயமில்லை. அவருக்கு முக்கியம் அதற்கு மேலே உள்ள இன்னொரு தளம். இந்தியத் தட்டுக்கும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் மலைக்கும் இடையில் வடக்கு நோக்கிச் சாய்ந்து இறங்கும் ஒரு மாபெரும் பிளவு. முதன்மை இமயப் பிளவு என்று சொல்லலாம். இமயத்தின் பெரிய நடுக்கங்களில் பெரும்பாலானவை அதில் பிறந்தவை. மேலோட்டை ஆராய்வதில் பாதி உழைப்பு இந்த ஒரு தளத்தின் வடிவத்தைக் கண்டுபிடிக்கத்தான் போகிறது, போகவும் வேண்டும்.

ஏன் வடிவம்? அந்தத் தளம் ஒரே சரிவாக இல்லை. அடிவாரத்தில் கொஞ்சம் செங்குத்தாக இறங்கி, அப்புறம் கிட்டத்தட்டப் படுக்கையாக நீண்டு, உயர் இமயத்துக்கு முன்னால் மறுபடி சரிந்து இறங்குகிறது. திபெத்துப் பக்கம் ஆழத்தில் வெப்பம் 350 டிகிரியைத் தாண்டுவதால் பாறை இளகி, தட்டு ஓசையில்லாமல் நழுவுகிறது. தெற்கே மேல்பகுதி சுமார் 100 கிலோமீட்டர் அகலத்துக்குப் பூட்டிக்கொண்டிருக்கிறது. நேபாளத்தின் குறுக்கே ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவுக்கு நிலம் நெருங்குகிறது என்று ஜிபிஎஸ் காட்டுகிறது. பூட்டிய பகுதி நகராததால் அந்த 2 சென்டிமீட்டரும் வருடா வருடம் பாறையில் வளைவாகச் சேமிக்கப்படுகிறது. பூட்டிய பகுதியும் நழுவும் பகுதியும் சந்திக்கும் விளிம்பில்தான் சின்ன நடுக்கங்கள் வரிசை கட்டுகின்றன.

அந்த விளிம்பு எவ்வளவு நுட்பமான நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி. 1995 முதல் 2000 வரையிலான நேபாளப் பதிவுகளில், கோடையைவிடக் குளிர்காலத்தில் நடுக்கங்கள் அதிகம். கோடையில் சுமார் 37 சதவீதம் குறைவு. காரணம் கங்கைச் சமவெளியில் பெய்யும் மழை. அத்தனை நீரின் எடையும் தட்டை அழுத்தி லேசாக வளைக்கிறது. பிளவின்மீது உள்ள நெருக்கல் கொஞ்சம் தளர்கிறது. நீர் வடிந்ததும் நெருக்கல் திரும்புகிறது. இதைக் கேட்டு, மழையை வைத்துப் பெரிய நடுக்கத்தைக் கணித்துவிடலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மழை மாற்றும் அளவு, பிளவில் சேர்ந்திருக்கும் மொத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன். காத்மாண்டுவுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, கோர்க்காவில் பிளவு விட்டுக்கொடுத்தது. ரிக்டர் என்று நாம் பொதுவாகச் சொல்லும் கணக்கில் 7.8. சுமார் 9,000 பேர் இறந்தார்கள். நேபாளத்தில் சனிக்கிழமை விடுமுறை. பள்ளிகள் நடந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கொடுமையாக இருந்திருக்கும். கிழிசல் கிழக்கு நோக்கி நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. நொடிக்கு ஐந்து முறை பதியும் ஜிபிஎஸ் கருவிகள் நேர் மேலே இருந்ததால், நிலம் நகர்வதை நொடிக்கு நொடி பார்க்க முடிந்தது. காத்மாண்டுப் பகுதி தெற்கே ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்து, 1 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, கிழிசல் தரையை எட்டவே இல்லை. வடக்கே சரிவும் படுக்கையும் சந்திக்கும் பகுதியை ஒட்டித் தொடங்கி, படுக்கையான பகுதியில் ஓடி, தெற்கே ஆழமற்ற பகுதிக்கு வராமல் நின்றுவிட்டது. தளத்தின் வளைவுகளும் சரிவு மாறும் இடங்களும்தான் தடுத்தன என்று ஒரு கருத்து வலுவாக இருக்கிறது. எல்லாரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல. எனக்கு நம்பத்தகுந்ததாகவே படுகிறது. இரண்டு, காத்மாண்டுவின் மண். அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. சில இடங்களில் 500 மீட்டர் தடிமனுக்கு ஏரிப் படிவு. அது 4 முதல் 5 நொடிக்கு ஒரு முறை என்ற மெதுவான ஆட்டத்தைப் பெருக்கியது. கிழிசலும் வழவழப்பாக ஓடியதால் வேகமான, குட்டி வீடுகளை உலுக்கும் அதிர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உயரமான தரஹரா கோபுரம் விழுந்தது. அதே ஊரில் பல சாதாரணத் தாழ்வான வீடுகள் தப்பின. மலைக் கிராமங்களின் கல்-மண் வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். மேலோட்டுப் படம் 'எங்கே', 'எவ்வளவு பெரிதாக' என்ற இரண்டுக்கும் ஓரளவு பதில் சொல்லும். 'எப்போது' என்பதற்கு, பிளவின் ஒவ்வொரு துண்டிலும் இன்று எவ்வளவு அழுத்தம் சேர்ந்திருக்கிறது, அது எந்த அளவில் விட்டுக்கொடுக்கும் என்ற இரண்டும் தெரிய வேண்டும். இரண்டையும் நேரடியாக அளக்கக் கருவி இல்லை. ஜிபிஎஸ் சேர்க்கையின் வேகத்தைச் சொல்லும். தொடக்க இருப்பைச் சொல்லாது. உத்தராகண்டின் கர்வாலில் குட்டு என்ற ஊரில் டேராடூனின் வாடியா இமயமலைப் புவியியல் நிறுவனம் ரேடான் வாயு, ஈர்ப்பு, நிலத்தடி நீர் என்று பலவற்றை ஒரே இடத்தில் விடாமல் அளக்கிறது. முன்னறிகுறி கிடைக்குமா என்று பார்க்கத்தான். செய்ய வேண்டிய வேலை. ஆனால் இதை வைத்து நாளை எச்சரிக்கை வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அதனால் பழைய கணக்கைத் தோண்டுகிறார்கள், இந்த முறை நிஜமாகவே மண்வெட்டியால். அடிவாரத்தில் பிளவு தரையைத் தொடும் இடங்களில் பள்ளம் வெட்டி, எந்த மண் அடுக்கு எப்போது அறுபட்டது என்று கரித்துண்டுகளின் வயதை வைத்துப் பார்ப்பது. 1934 ஜனவரி 15 பீகார்-நேபாள நிலநடுக்கம் தரையைக் கிழிக்கவில்லை என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். கிழக்கு நேபாளத்தின் சிர் கோலா ஓடைக்கரையில் பார்த்தபோது கிழித்திருப்பது தெரிந்தது. 2013-ல் அந்த முடிவு வெளியானது. அதே இடத்தில் 1255-ல் வந்த நடுக்கத்தின் தடமும் இருந்தது. மன்னர் அபய மல்லரின் உயிரைப் பறித்த நடுக்கம் அது. ஆக ஒரே துண்டில் இரண்டு பெரிய கிழிசல்களுக்கு நடுவே ஏறக்குறைய 680 ஆண்டுகள். இரண்டு தேதியை வைத்து மூன்றாவதைச் சொல்ல முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

கவலை இப்போது மேற்கே. காத்மாண்டுவுக்கு மேற்கிலிருந்து உத்தராகண்ட் வரையிலான நீண்ட பகுதியில் கடைசியாகப் பதிவான மிகப் பெரிய நடுக்கம் 1505-ல். உத்தரகாசி 1991, சமோலி 1999, ஜாஜர்கோட் 2023 எல்லாம் உயிர்களைப் பறித்தவைதான். ஆனால் பிளவின் கணக்கில் அவை சில்லறை. ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் 500 ஆண்டுகளுக்கு 10 மீட்டர் நழுவல் பாக்கி, நடுவில் எதுவும் பெரிதாகக் கழியவில்லை என்றால். இதுவரை நேபாளத்தின் நடுப்பகுதிக்குக் கிடைத்த அளவுக்கு நெருக்கமான மேலோட்டுப் படம் மேற்குப் பகுதிக்கு இல்லை. அங்கே தளத்தின் வளைவுகள் எங்கே என்று துல்லியமாகத் தெரிந்தால், கிழிசல் ஒரே மூச்சில் ஓடுமா, நடுவில் நிற்குமா என்று யூகிக்கலாம். எனக்குக் கேட்டால் பணத்தை முதலில் அங்கே போடச் சொல்வேன்.

பாதிப்பு மலையோடு நின்றுவிடும் என்று சமவெளிக்காரர்கள் நினைப்பதற்கும் ஆதாரமில்லை. 1934-ல் மையம் கிழக்கு நேபாளத்தில். ஆனால் கங்கைக்கு வடக்கே பீகாரில் நீண்ட பட்டையாக நிலம் குழைந்து, மணலும் நீரும் பீறிட்டு, கட்டடங்கள் சாய்ந்து புதைந்தன. முங்கேர் நகரம் தரைமட்டமானது. கங்கைச் சமவெளியின் வண்டல் பல இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் தடிமன் கொண்டது. மெதுவான ஆட்டத்தைப் பெருக்கும் சங்கதியில் அது காத்மாண்டு ஏரிப் படிவின் அண்ணன். 1934-ல் அந்தச் சமவெளியில் இருபது மாடிக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. இன்று தில்லியைச் சுற்றி மட்டும் எத்தனை என்று நொய்டா பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.